கால் மாத்திரை

மதுரைப் பெரியாஸ்பத்திரியில் மனநல வெளிநோயாளர் வரிசையில் ஒரு காலைப்பொழுது நின்றால் ஒரே வாக்கியம் பல குரல்களில் காதில் விழும்: "மாத்திரைய மட்டும் நிறுத்திராதீங்க." டாக்டர் சொல்வார். மருந்து கொடுக்கும் ஜன்னலில் இருப்பவர் சொல்வார். துணைக்கு வந்த கொழுந்தனார் வெளியே பனகல் சாலை டீக்கடையில் வடையைப் பிட்டுக்கொண்டே அதையே இன்னொரு தரம், கொஞ்சம் மிரட்டலாகச் சொல்வார்.

இந்தப் பக்கத்துக்கு அந்த வாக்கியம் சும்மா வந்துவிடவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தபோது உள்ளே இருந்தவர்கள் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து அதை வழக்காக எடுத்துக்கொண்டது. தென்மாவட்டங்களில் மனநல வேலை பார்த்த ஒரு தலைமுறைக்கு அந்தத் தீ மறக்கக்கூடியதல்ல. தீக்கு முன்பே, 1992-ல், மதுரையில் டாக்டர் சி. ராமசுப்பிரமணியன் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளையைத் தொடங்கியிருந்தார். சிகிச்சையும் மறுவாழ்வும் ஊருக்குள்ளேயே, வீட்டுக்குப் பக்கத்திலேயே கிடைக்க வேண்டும் என்று பாடுபட்டவர்கள் இங்கே இருந்தார்கள். அவர்களுடைய வாதத்தைச் சுருக்கினால் சங்கிலிக்குப் பதில் மாத்திரை என்றுதான் வரும். சங்கிலியைக் கழற்ற வைத்ததே மாத்திரைதான் என்னும்போது அதை நிறுத்தாதே என்பது உயிர்காக்கும் சொல். மனச்சிதைவு உள்ளவருக்கும், தீவிர மனஎழுச்சி வந்து அடங்கியவருக்கும் இன்றும் அதுவே சரியான சொல். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், அதே வாக்கியம் புருஷன் செத்த துக்கத்தில் தூக்கம் போன பெண்ணுக்கும் சொல்லப்படுகிறது. அவள் மாத்திரையைத் தொடங்கி, தேறி, நாலைந்து வருஷம் ஆன பிறகும் சொல்லப்படுகிறது. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் ஆயுசுக்கும் மாத்திரை என்று ஊர் பழகிவிட்டது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அவை வீட்டு வாசலுக்கே வருகின்றன. மனசுக்கான மாத்திரையும் அந்த டப்பாவுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. வீட்டுக்குள் ஒலிப்பதோ இதற்கு நேர் எதிரான வாக்கியம்: "அந்தக் கருமத்த நிறுத்தித் தொலை." நிறுத்தாதே என்கிற ஆஸ்பத்திரிக்கும் நிறுத்தித் தொலை என்கிற வீட்டுக்கும் நடுவில், எப்படி நிறுத்துவது என்று சொல்ல ஆளில்லை. 2015-16ல் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய தேசிய மனநல ஆய்வில், மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான நோய்களில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினருக்குச் சிகிச்சையே எட்டவில்லை என்று தெரிந்தது. தொடங்க வைப்பதற்கே இவ்வளவு பாடுபட வேண்டிய நாட்டில் முடித்து வைப்பதைப் பற்றி யார் யோசிப்பார்கள் என்று கேட்டால் அதுவும் நியாயம்தான். ஆனால் தொடங்கியவர்கள் எண்ணிக்கை வருஷத்துக்கு வருஷம் கூடுகிறது. அவர்களில் பெரும்பாலோர் என்றாவது ஒருநாள் நிறுத்தத்தான் போகிறார்கள்.

சோழவந்தானில் இருக்கும் என் பெரியம்மா மகள் அப்படித்தான் நிறுத்தினாள். அக்கா எழுதச் சம்மதித்தாள், ஊர் பேர் வேண்டுமானால் போடு, என் பேரைப் போடாதே என்று.

அத்தான் இறந்த வருஷம் அவளுக்கு முதலில் வந்தது வயிற்றுப் பிரச்சினை. நெஞ்சு அடைக்கிறது, ஏப்பம் வருகிறது, விடிய விடியக் கண் மூடவில்லை. பார்த்த டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார். அதைக் "கேஸ் மாத்திரை" என்றுதான் அவள் நாலைந்து வருஷமும் சொல்லிக்கொண்டிருந்தாள். நம் மருந்துக் கடைகளில் பத்து மாத்திரை அட்டையில் ஆறைக் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுப்பார்கள் அல்லவா, மருந்தின் பெயர் இருக்கிற பாதி கடையிலேயே தங்கிவிடும். அக்காவிடம் இருந்த துண்டுகளை எல்லாம் ஒட்டிப் பார்த்துத்தான் அது எஸ்சிட்டலோப்ராம் 10 மில்லிகிராமும் குளோனசெபாம் 0.5 மில்லிகிராமும் ஒரே வில்லையில் சேர்ந்தது என்று தெரிந்துகொண்டேன். ஒன்று மனச்சோர்வுக்கு, மற்றது படபடப்புக்கும் தூக்கத்துக்கும். இரண்டும் வேறு வேறு ஜாதி. இரண்டாவது, சில வாரங்களிலேயே உடம்பைப் பழக்கிவிடும் வகையைச் சேர்ந்தது.

இப்படித் தெரியாமலே மனச்சோர்வு மருந்து சாப்பிடுகிறவர்கள் நம் ஊரில் ஏராளம். அமிட்ரிப்டிலின் ஒற்றைத் தலைவலிக்கும் நரம்பு வலிக்கும் எழுதப்படுகிறது. அது தவறில்லை, அந்த நோய்களுக்கும் அது வேலை செய்யும். ஆனால் சாப்பிடுகிறவர் "வலி மாத்திரை, வலி போனா விட்டுறலாம்" என்று நினைத்துக்கொள்கிறார். டீன்க்ஸிட் என்ற கலவை மாத்திரையின் கதை இன்னும் விசேஷம். டென்மார்க் நிறுவனத்தின் சரக்கு, டென்மார்க்கிலேயே விற்க முடியாதது. அது எப்படி இங்கே விற்கப்படுகிறது என்று 2012-ல் நாடாளுமன்ற நிலைக்குழுவே தன் 59-வது அறிக்கையில் கேள்வி எழுப்பியது. வயிற்றுக் கோளாறு என்று போனவர்களின் சீட்டில் அதைப் பார்த்தவர்கள் இந்தக் கட்டுரையைப் படிப்பவர்களிலேயே இருப்பார்கள். சாப்பிடுவதே தெரியாதவருக்கு, நிறுத்தினால் என்ன ஆகும் என்று யார் சொல்வது?

அக்கா நிறுத்தியதற்குக் காரணம் அவள் மகளைப் பெண் பார்க்க வந்தது. உறவுக்காரர்கள் வந்து தங்கப்போகிற வீட்டில் அலமாரியை ஒழுங்கு பண்ணும்போது ஒரு கொழுந்தியாள் அட்டையைப் பார்த்துவிட்டு, "இது பைத்தியத்துக்குக் குடுக்குறதாம்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இந்து திருமணச் சட்டம் மனக்கோளாறை மணமுறிவுக்கு ஒரு காரணமாக வைத்திருக்கிறது. வெறும் நோய் இருப்பதே போதாது, சேர்ந்து வாழ முடியாத அளவுக்கு இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் தெளிவாகச் சொல்லியும் இருக்கிறது. தீர்ப்பெல்லாம் சோழவந்தானுக்கு வந்து சேர்வதில்லை. வந்து சேர்வது பேச்சு. அன்றைக்கு ராத்திரியே அக்கா அட்டையை அடுப்பில் போட்டாள்.

நம் பக்கத்தில் மருந்தை நிறுத்துவது பெரும்பாலும் யாரும் உட்கார்ந்து எடுக்கிற முடிவாக இருப்பதில்லை. அதுவாக நடந்துவிடுகிறது. நிச்சயதார்த்தம் வருகிறது. நாள் தள்ளிப்போகிறது, பிள்ளைக்கு ஆகாது என்று யாரோ சொல்கிறார்கள். சபரிமலைக்கு மாலை போடுகிறார்கள். கையில் காசில்லை. கடையில் அந்தக் கம்பெனி சரக்கு தீர்ந்துவிட்டது, "அடுத்த வாரம் வாங்கண்ணே". வெளியூர் வேலைக்குக் கிளம்பிய பையில் அட்டை இல்லை. இதில் எதுவும் மருத்துவக் காரணம் இல்லை, ஆனால் ஒவ்வொன்றின் விளைவும் மருத்துவமானது.

மூன்றாம் நாள் ஆரம்பித்தது. கிறுகிறுப்பு, குமட்டல், எதற்கென்று தெரியாத அழுகை, தொட்டால் சுள்ளென்று விழுகிற கோபம். அதோடு அவளுக்கு வாழ்நாளில் வந்திராத ஒன்று. நகை விஷயமாக மதுரைக்கு வந்தவளைச் சிம்மக்கல்லில் எதிர்கொண்டேன். சாலையைக் கடக்க அவள் வலப்பக்கம் பார்த்தாள், இடப்பக்கம் திரும்பினாள், சட்டென்று என் தோளைப் பிடித்துக்கொண்டாள். மறுபடி வலப்பக்கம், மறுபடி பிடித்தாள். "என்னக்கா?" "கண்ணத் திருப்புனா மண்டைக்குள்ள கரண்டு அடிக்குதுடா தம்பி. வெட்டி வெட்டி இழுக்குது. சத்தங்கூடக் கேக்குது." கண்ணைச் சிமிட்டாமல் முகத்தை நேராக வைத்துக்கொண்டு, நான் பார்த்துச் சொல்லச் சொல்ல, என் கையைப் பிடித்துச் சாலையைத் தாண்டினாள். ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் எங்களைத் திட்டிவிட்டுப் போனார்.

பிறகு படித்தபோதுதான் தெரிந்தது: உலகமெங்கும் இந்த மருந்துகளை நிறுத்தியவர்கள் இதே கரண்டு அடிப்பதைச் சொல்கிறார்கள், கண்ணைப் பக்கவாட்டில் திருப்பும்போதுதான் வருகிறது என்பதையும் சேர்த்து. ஏன் அப்படி என்று இன்னும் யாரும் திட்டவட்டமாக விளக்கிவிடவில்லை. எஸ்சிட்டலோப்ராம் வகை மருந்து, நரம்பணுக்களுக்கு இடையில் வெளியான செரட்டோனினைத் திரும்ப உள்ளே இழுக்கும் வாயில்களை அடைத்துவைக்கிறது. மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் வாயில் அடைபட்டிருந்தால் மூளை அதற்கேற்பத் தன்னை மாற்றி அமைத்துக்கொள்ளும். திடீரென்று திறந்துவிட்டால் மருந்து ரத்தத்தைவிட்டுச் சில நாளில் போய்விடும். மூளை பழைய அமைப்புக்குத் திரும்ப வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதங்கள். அந்த இடைவெளியில்தான் இவ்வளவும் நடக்கிறது. உடம்பின் செரட்டோனினில் 90 விழுக்காடு குடலில் இருக்கிறது என்பதால் வயிறும் சேர்ந்து புரட்டுகிறது.

எந்த மருந்து எவ்வளவு வேகமாக உடம்பைவிட்டுப் போகிறது என்பதும் முக்கியம். வென்லாஃபாக்ஸினின் அளவு ரத்தத்தில் ஐந்து மணி நேரத்தில் பாதியாகிவிடும். அதை ஒருவேளை தவறவிட்டவர்களே அன்று சாயந்திரம் தலைசுற்றிப் படுப்பதுண்டு. பராக்ஸெடினுக்கு ஏறத்தாழ ஒரு நாள். ஃப்ளூஆக்ஸெடின் மட்டும் தன் கிளைப்பொருளோடு சேர்ந்து வாரக்கணக்கில் தங்கி மெதுவாக இறங்கும், அதனால் அதை நிறுத்தியவர்களுக்குத் தொல்லை பொதுவாகக் குறைவு. அக்காவின் மருந்துக்கு 30 மணி நேரம் போல. மூன்றாம் நாள் என்று அவள் சொன்ன கணக்கு பிசகவில்லை.

இதெல்லாம் புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. ஸ்விட்சர்லாந்தின் மூன்ஸ்டர்லிங்கனில் ரோலண்ட் கூன் இமிப்ரமின் மனச்சோர்வைக் குறைக்கிறது என்று 1957-ல் எழுதினார். அதை நிறுத்தினால் உபாதை வருகிறது என்று 1959-லேயே மருத்துவ இதழ்களில் பதிவாகிவிட்டது. அதற்குப் பிறகு அறுபது ஆண்டு, மருத்துவ உலகம் இதை லேசானது, ஒரு வாரத்தில் போய்விடும் என்றே சொல்லிவந்தது. பிரிட்டனின் மனநல மருத்துவர் கல்லூரி 2019-ல்தான் தன் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டது; சிலருக்கு இது கடுமையாகவும் நீண்டும் இருக்கும் என்று ஒப்புக்கொண்டது.

அக்காவுக்கு ராத்திரிகளில் கனவு வந்தது. இந்த மருந்துகள் கனவுத் தூக்கத்தை அமுக்கி வைக்கின்றன. எடுத்துவிட்டால் அது வட்டியும் முதலுமாகத் திரும்பி வருகிறது. அத்தான் தினமும் வந்தார். ஈரத் துண்டோடு வாசலில் நின்று சோறு கேட்டார். பெரியம்மாவுக்கு இதில் குழப்பமே இல்லை. "பொண்ணுக்குக் கல்யாணம் பேசுறோம், அவருக்குச் சொல்லவே இல்ல. அதான் வந்து நிக்கிறாரு." ஒரு புதன்கிழமை படையல் போட்டார்கள், அத்தானுக்குப் பிடித்த அயிரை மீன் குழம்போடு. அன்றும் வந்தார். அப்புறம்தான், இது அவர் இல்லை, வேறு ஏதோ அவர் உருவில் வருகிறது என்று பேச்சு திரும்பி, பாண்டி கோயிலுக்குக் கூட்டிப் போனார்கள். அதே வாரத்தில் நான் அவளைக் கெஞ்சி, வேறொரு டாக்டரிடம் பேசி, மாத்திரையை மறுபடி தொடங்க வைத்திருந்தேன். இரண்டு நாளில் கரண்டு நின்றது, நாலாம் நாள் தூங்கினாள். பெரியம்மா இன்றுவரைக்கும் பாண்டி முனிக்குத்தான் நன்றி சொல்கிறாள். பெருமையைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஆனால் அந்த இரண்டு நாள் என்பதைக் கவனிக்க வேண்டும். மனச்சோர்வு திரும்பி வந்திருந்தால் மாத்திரை வேலை செய்ய இரண்டு மூன்று வாரமாவது ஆகியிருக்கும். விட்ட குறையால் வந்த உபாதை என்றால் மருந்து உள்ளே போன சில நாளில் அடங்கும். நிறுத்திய சில நாளிலேயே வருவது, முன்பு நோய் இருந்தபோது இல்லாத குறிகள் வருவது, அலை போல ஏறி இறங்குவது, இவையெல்லாம் விடுபடுவதன் அடையாளங்கள். நோய் திரும்புவது பெரும்பாலும் வாரங்கள், மாதங்கள் கழித்து, பழைய முகத்தோடு வரும். இந்த வித்தியாசம் தெரியாததால் எவ்வளவு பேர் "பாத்தியா, மறுபடி வந்துருச்சு, ஒனக்கு ஆயுசுக்கும் மாத்திரைதான்" என்ற தீர்ப்பைத் தலையில் வாங்கியிருக்கிறார்கள். கூட இருக்கிறவர்கள் மட்டுமல்ல, அவசரத்தில் பார்க்கிற டாக்டரும் அதையே சொல்லிவிடுவதுண்டு. ஐந்து நிமிஷம் கிடைக்கிற வரிசையில் "எப்ப நிறுத்துனீங்க, எத்தனாவது நாள் வந்துச்சு" என்று கேட்க முடிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

எத்தனை பேருக்கு இப்படி ஆகிறது என்பதில் பெரிய சண்டை நடக்கிறது. 2019-ல் டேவிஸ், ரீட் என்ற இரு ஆய்வாளர்கள் 56 விழுக்காடு என்றார்கள். 2024-ல் ஹென்ஸ்லர் குழு 79 ஆய்வுகளைத் தொகுத்தது: மருந்தை நிறுத்தியவர்களில் 31 விழுக்காட்டினருக்கு ஏதாவது குறி இருந்தது, ஒப்பீட்டுக்காகக் கொடுத்த வெறும் மாவு வில்லையை நிறுத்தியவர்களிலேயே 17 விழுக்காட்டினருக்கு இருந்தது. ஆகவே மருந்தால் மட்டும் வருவது ஆறேழு பேரில் ஒருவருக்கு, கடுமையாக வருவது 35 பேரில் ஒருவருக்கு என்பது அவர்கள் கணக்கு. அந்த ஆய்வுகள் பலவற்றில் மருந்தைச் சில மாதங்களே சாப்பிட்டவர்கள்தான் இருந்தார்கள், வருஷக்கணக்கில் சாப்பிட்டவர்களை இதில் அளக்க முடியாது என்று எதிர்த்தரப்பு சொல்கிறது. எனக்கு எதிர்த்தரப்பின் கேள்வி சரியாகப் படுகிறது. அதே சமயம், பெரும்பாலோர் பெரிய துன்பமில்லாமல் வெளியே வருகிறார்கள் என்பதையும் மறைக்கக்கூடாது. பயமே பாதி உபாதையை வரவழைக்கும் என்பதற்கு அந்த 17 விழுக்காடு சாட்சி.

மார்க் ஹொரோவிட்ஸ் என்ற ஆஸ்திரேலிய மனநல மருத்துவரின் கதை இங்கே பொருந்தும். லண்டனில் இதே மருந்துகளைப் பற்றித்தான் முனைவர் பட்ட ஆய்வு செய்தார். அவரே வருஷக்கணக்கில் எஸ்சிட்டலோப்ராம் சாப்பிட்டவர். நிறுத்தப் பார்த்தபோது, படித்த பாடப்புத்தகம் எதுவும் உதவவில்லை. தாமாக முட்டிமோதி வழி கண்டுபிடித்திருந்த சாதாரண நோயாளிகளிடம்தான் அவர் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. 2019-ல் டேவிட் டெய்லர் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து லான்செட் சைக்கியாட்ரி இதழில் எழுதிய கட்டுரையில், நோயாளிகள் அனுபவத்தில் கண்டதற்கு மூளைப் படங்களில் இருந்து காரணம் காட்டினார். சிட்டலோப்ராம் 20 மில்லிகிராம் சாப்பிட்டால் செரட்டோனின் வாயில்களில் ஏறத்தாழ 80 விழுக்காடு அடைபடும். பாதியாக்கி 10-க்கு வந்தாலும் 70-க்குக் கீழே இறங்காது. 50-க்கு வர 3.4 மில்லிகிராமுக்கு வர வேண்டும். 20 விழுக்காட்டுக்கு 0.8. உப்பே இல்லாத குழம்பில் விழுகிற முதல் சிட்டிகைதான் நாக்குக்குத் தெரியும், பத்தோடு பதினொன்றாக விழுவது தெரியாது. அது போலத்தான் இதுவும். இருபதைப் பத்தாக்கும்போது ஒன்றும் ஆகவில்லையே என்று தெம்பாகி, பத்தை ஐந்தாக்கி, ஐந்திலிருந்து ஒரேயடியாகக் கைவிடுகிறோம். உண்மையில் இறக்கம் முழுவதும் அந்தக் கடைசி ஐந்தில்தான் இருக்கிறது.

ஒருநாள் விட்டு ஒருநாள் போடுங்கள் என்று சொல்கிற வழக்கம் இன்னும் இருக்கிறது. வேகமாக வெளியேறும் மருந்துகளில் அது உடம்பைத் தினமும் ஏற்றி இறக்கும் வேலை. அளவைக் குறைக்கலாம், நாளைக் குறைக்கக்கூடாது.

சொல்வது எளிது. நம் கடைகளில் எஸ்சிட்டலோப்ராம் 5 மில்லிகிராமுக்குக் கீழே வில்லையாகக் கிடைப்பது அபூர்வம். நெதர்லாந்தில் படிப்படியாக அளவு குறையும் மாத்திரைகளைத் தினசரிப் பொட்டலமாகப் போட்டு ஒரே பட்டையாகக் கொடுக்கிறார்கள். இங்கே பட்டையும் இல்லை, கேட்பாரும் இல்லை. புதிதாகப் பார்த்த டாக்டரம்மா முதலில் செய்தது கூட்டு வில்லையைப் பிரித்தது: எஸ்சிட்டலோப்ராம் தனி, குளோனசெபாம் தனி. ஒரே வில்லையில் இருந்தால் இரண்டையும் ஒரே வேகத்தில்தான் குறைக்க முடியும். குளோனசெபாமைத் திடீரென்று விட்டால் வலிப்பு வரைக்கும் போகும் என்று அவர் சொன்னபோது, அட்டையை அடுப்பில் போட்ட ராத்திரியை நினைத்து அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தொட வேண்டும், மற்றது அசையாமல் இருக்கட்டும் என்பது அவர் விதி.

அப்புறம் பிளேடு. எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்துப்போட்டு, அதன் மேல் ஐந்து மில்லிகிராம் வில்லையை வைத்து, நடுக்கோட்டில் புது பிளேடை நிறுத்தி, கட்டைவிரலால் ஒரே அழுத்து. தயங்கினால் நொறுங்கும். பாதியை மறுபடி பாதியாக்கும்போது ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும்தான் வரும். பெரிய காலை இன்றைக்கும் சின்னக் காலை நாளைக்குமாகப் போட்டால் சராசரி வந்துவிடும் என்று அக்காவே ஒரு கணக்கு வைத்திருந்தாள். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே சரி என்றார். எல்லா மருந்தையும் இப்படி வெட்டிவிட முடியாது. மெதுவாகக் கரைவதற்கென்று செய்த வில்லையை உடைத்தால் மொத்தமும் ஒரேயடியாக இறங்கிவிடும். டுலாக்ஸெடின் குளிகைக்குள் இருக்கும் மணிகளின் மேல்பூச்சு உடைந்தால் வயிற்று அமிலம் மருந்தைக் கெடுத்துவிடும்.

பிளேடைவிடப் பெரிய உதவியாக இருந்தது பால்கணக்கு நோட்டு. அதன் பின்பக்கத்தில் மகள் தினமும் எழுதினாள். யாருக்காக மறைத்தாளோ அவளிடமே கடைசியில் சொல்ல வேண்டிவந்ததில் அக்காவுக்கு முதலில் அவமானம், பிறகு நிம்மதி. ஒரு பக்கத்தைக் காட்டினார்கள்: "இன்னைக்குக் கரண்டு இல்ல. மத்தியானம் சித்தப்பா மேல எரிஞ்சு விழுந்துச்சு. காப்பி ரெண்டு. தூக்கம் பரவாயில்ல." அடுத்த வரி: "கரண்டு லேசா. பஸ்ல மட்டும்." உள்ளே இருக்கிறவருக்கு ஒவ்வொரு மோசமான நாளும் என்றென்றைக்குமானதாகத் தெரியும். போன மாதம் இதே மாதிரி வந்து ஐந்தாம் நாள் போனது என்பது நோட்டுக்குத்தான் ஞாபகம் இருக்கும். எங்கள் டாக்டரம்மா மாத்திரைச் சீட்டைவிட இந்த நோட்டை அதிக நேரம் பார்த்தார்.

தூங்கா நகரம் என்று மதுரைக்காரர்கள் அடித்துக்கொள்ளும் பெருமையில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஆனாலும் சில நாள் என் வீட்டில் தங்கியிருந்த அக்காவை, தூக்கம் வராத ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு மாட்டுத்தாவணிக்குக் கூட்டிப் போனேன். பூ மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது, டீக்கடையில் கூட்டம். முழித்திருப்பதே வேலையாக இருக்கிற ஆட்களுக்கு நடுவில் உட்கார்ந்து, இஞ்சி டீயை ஊதிக்கொண்டே, "இவ்வளவு பேருக்கும் தூக்கம் வரலையா" என்றாள். நாலைந்து நாளில் அவள் சிரித்தது அப்போதுதான்.

மருந்தை விடுவதே நல்லது என்று நான் வாதாடுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இங்கிலாந்தில் நன்றாகத் தேறி, நிறுத்தலாம் என்று நினைத்த 478 பேரை வைத்து நடத்தி 2021-ல் வெளியான ஆண்ட்லர் ஆய்வில், மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஓராண்டுக்குள் 39 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது, நிறுத்தியவர்களில் 56. இரண்டு எண்களையும் இரண்டு பக்கமிருந்தும் படிக்கலாம். நிறுத்தினால் ஆபத்து கூடுகிறது. நிறுத்தியவர்களிலும் 44 விழுக்காட்டினருக்கு ஓராண்டில் நோய் திரும்பவில்லை. மூன்று நான்கு முறை கடுமையாக விழுந்து எழுந்தவர் தொடர்வதே புத்தி. ஒரே ஒரு துக்கத்துக்குத் தொடங்கி, வருஷங்களாக நன்றாக இருப்பவர் கேட்டுப்பார்க்கலாம். யாராக இருந்தாலும் சாக வேண்டும் என்ற எண்ணம் தலைகாட்டினால் குறைப்பதை அன்றோடு நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும்; டெலிமானஸ் மனநல உதவி எண் 14416-ல் ராத்திரியிலும் தமிழில் பேசலாம்.

அக்கா குளோனசெபாமை முழுதாக விட்டாகிவிட்டது, அதற்கே ஏழெட்டு மாசம் பிடித்தது. எஸ்சிட்டலோப்ராமில் இரண்டரையில் நிற்கிறாள். அதற்குக் கீழே ஒருமுறை இறங்கிப் பார்த்தாள், பஸ்ஸில் கரண்டு அடித்தது, டாக்டரம்மா திரும்பி ஏறச் சொன்னார். தை மாசம் மகளுக்கு முகூர்த்தம். "அதுவரைக்கும் இதுலயே இருக்கட்டுமா டாக்டரம்மா" என்று கேட்டபோது, "முடிஞ்சதும் மறுவீடு, அப்புறம் தலைதீபாவளி, ஏதாவது ஒண்ணு வந்துகிட்டேதான் இருக்கும்மா" என்றார் அவர். "வரட்டும். சம்பந்தி வீட்டுக்காரங்க முன்னாடி ரோடு தாண்டக் கையைப் பிடிக்கச் சொல்ல முடியுமா?" என்றாள் அக்கா. டாக்டரம்மா சீட்டில் இரண்டரை என்றே எழுதினார். அட்டையை முழுசாக வாங்குங்கள், வெட்டி வாங்காதீர்கள் என்று கீழே ஒரு வரியும் எழுதிக் கோடு போட்டார்.